பட்டியலில் அகப்படாத பழைய தமிழ் நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி எடுப்பது எப்படி

நூலகக் கணினியில் ஒரு பெயரைத் தட்டுகிறோம். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வருகிறது. பெரும்பாலானோர் அதோடு எழுந்து போய்விடுகிறார்கள். 1950க்கு முந்தைய தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, நீங்கள் தட்டிய எழுத்துக்கூட்டலில் ஒரு பதிவும் இல்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். நூல் வேறு பெயரில் ஏறியிருக்கலாம். வேறொரு நூலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கலாம். நூல்களின் விவரத்தை அட்டையில் எழுதி அடுக்கிய கார்டுப் பெட்டியில் மட்டும் இருந்து கணினிக்கு வராமலே போயிருக்கலாம். இந்த மூன்றையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டும்.

இங்கே சொல்லும் முறை எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை அடிக்கடி தொடுவோம். தமிழ்நாட்டு நூலகங்களின் பழக்கவழக்கங்கள் பலவும் அங்கிருந்து கிளம்பியவை.

முதலில் நூலின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள்

யாரோ ஒருவர் அடிக்குறிப்பில் எழுதிய பெயரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பழைய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் தலைப்பு தனியாக நிற்பதில்லை. ‘இன்னார் இயற்றிய இன்ன நூல் மூலமும், இன்ன ஊர் இன்னார் உரையும், இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு, இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டன’ என்று ஒரே வாக்கியமாக ஓடும். இதில் எந்த இடத்தில் தலைப்பு தொடங்குகிறது என்பதை அட்டவணை தயாரித்தவர் தன் போக்கில் முடிவு செய்திருப்பார். அதனால் உரையாசிரியர் பெயர், பதிப்பித்தவர் பெயர், அச்சுக்கூடம், ஊர், ஆண்டு ஆகிய ஐந்தையும் சேகரித்துக்கொள்ளுங்கள். ஒன்று கைவிட்டால் இன்னொன்று உதவும்.

ஆண்டில்தான் அதிகத் தடுமாற்றம். பழைய பதிப்புகளில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டுமே இருப்பது சாதாரணம். ‘விக்ருதி வருடம் தை மாதம்’ என்றிருந்தால் அது 1891 ஜனவரியாகவும் இருக்கலாம், 1951 ஜனவரியாகவும் இருக்கலாம். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறந்து ஓராண்டு பிழையாகக் குறிப்பவர்கள் ஏராளம். கலியாண்டு கொடுத்திருந்தால் 3101ஐக் கழியுங்கள். சாலிவாகன சக ஆண்டென்றால் 78ஐக் கூட்டுங்கள். கொல்லம் ஆண்டென்றால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்டுங்கள். திருவள்ளுவர் ஆண்டென்றால் 31ஐக் கழியுங்கள். தமிழ் எண்களில் ௲௮௱௯௰௧ என்றிருந்தால் அது 1891.

ஆண்டே இல்லாத நூலுக்கும் வழி உண்டு. விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது; அப்போதுதான் நயா பைசா வந்தது. பதிப்பக முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. ‘சென்னை ராஜ்யம்’ என்றிருந்தால் மாநிலத்தின் பெயர் மாறிய 1969க்கு முந்தையது என்று கொள்ளலாம். லை, னை, ணை, ளை ஆகியவற்றில் ஐகாரக் கொம்பு துதிக்கைபோல மேலே வளைந்திருந்தால், அந்த எழுத்துகள் பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் சீர்திருத்த அரசாணைக்கு முன் கோத்தவை. சில அச்சகங்கள் பழைய அச்செழுத்தை அதன் பிறகும் விடாமல் வைத்திருந்தன. எனவே கடைசி அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

19ஆம் நூற்றாண்டு நூல் என்றால் இன்னும் ஒரு சான்று கிடைக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல் பதிவுச் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களை அரசு காலாண்டுதோறும் பட்டியலிட்டது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் உண்டு. அதற்கும் முந்தைய நூல்களுக்கு 1865இல் ஜான் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சுநூற்பட்டியல் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் சேர்ந்து தயாரித்த 1909ஆம் ஆண்டுப் பட்டியலும், 1931இல் வந்த அதன் துணைப்பட்டியலும் உண்டு. நீங்கள் தேடுவது உண்மையிலேயே அச்சான நூலா, அல்லது ஒருவர் பிழையாகக் குறித்ததைப் பலர் வழிமொழிந்துகொண்டே வந்ததா என்பது இவற்றைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

கணினியில் தட்டும்போது

தவறு அதிகம் நேர்வது இங்கேதான். பல நூலகங்களில் இப்போது கோஹா போன்ற நூலகப் பட்டியல் மென்பொருள் ஓடுகிறது. மென்பொருளில் குறையில்லை, உள்ளே ஏற்றிய எழுத்துகள்தான் ஒரே சீராக இல்லை.

சொல் முழுவதையும் தட்டாதீர்கள். முதல் நான்கைந்து எழுத்துகளோடு நிறுத்தி * குறியிடுங்கள். ‘திருக்குறள்’ என்று தேடினால் ‘திருக்குறட் பொருள் விளக்கம்’ போன்ற தலைப்பு வராது. சந்தியில் ள் என்பது ட் ஆகிவிட்டது. ‘திருக்குற*’ என்றால் இரண்டும் வரும். நூல்கள் ‘மூலமும் உரையும்’ என்று முடிவதால் ‘புராணம்’ என்பது ‘புராணமூலமும்’ என்றாகியிருக்கும். அதற்கும் ‘புராண*’ போதும்.

சொல்லைச் சேர்த்தும் பிரித்தும் பாருங்கள். ‘சீவகசிந்தாமணி’, ‘சீவக சிந்தாமணி’ இரண்டும் கணினிக்கு வேறுவேறு. வல்லினம் மிக்கும் மிகாமலும் ஒருமுறை: ‘திருவிளையாடற்புராணம்’, ‘திருவிளையாடல் புராணம்’. அடுத்து, சொல்லின் முதலெழுத்து. இராமாயணம் – ராமாயணம், அரங்கநாதர் – ரங்கநாதர், உலோகோபகாரி – லோகோபகாரி. முன்னெழுத்து மாறினால் * குறியால் பயனில்லை. இரண்டு முறை தேடியே ஆகவேண்டும். கிரந்த எழுத்திலும் இதே கதை: ஸுப்ரமண்ய, சுப்பிரமணிய, சுப்ரமணிய என்று மூன்று தேடல்கள்.

ஒரே நூலுக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. பெரியபுராணத்தைத் தேடுகிறவர் ‘திருத்தொண்டர் புராணம்’ என்றும் தேடவேண்டும். கம்பராமாயணம் வெறும் ‘இராமாயணம்’ என்றே ஏறியிருக்கும். அதிலும் காண்டம் காண்டமாகத் தனித்தனிப் பதிவாக, ‘சுந்தரகாண்டம்’ என்ற தலைப்பில் மட்டும் இருக்கும்.

ஆசிரியர் பெயரில் தலைப்பெழுத்தைத் தட்டவே தட்டாதீர்கள். உ. வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்வோம். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சாமிநாதய்யர், சுவாமிநாத ஐயர் என்ற நான்கு வடிவமும் ஒரே நூலகத்தில் இருக்க முடியும். உ.வே. என்பதில் புள்ளிக்குப் பின் இடம் விட்டதா இல்லையா என்பதும் சேர்ந்தால் எட்டு. ‘சாமிநாத*’ என்றும் ‘சுவாமிநாத*’ என்றும் இரண்டு முறை தேடினால் வேலை முடிந்தது. பட்டப்பெயர்கள் முன்னால் ஒட்டியிருப்பது இன்னொரு தொல்லை. ‘மகாமகோபாத்தியாய’, ‘வித்துவான்’, ‘யாழ்ப்பாணத்து நல்லூர்’ என்று தொடங்கும் பதிவுகள் அகரவரிசையில் எங்கோ போய் நிற்கும். வரிசையாக உருட்டிப் பார்ப்பதைவிடச் சொல்லாகத் தேடுவது இதனால்தான் நல்லது.

இனிக் கண்ணுக்குத் தெரியாத பிழைகள். ‘தொ’ என்பதை ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டிச் சேர்த்திருக்கலாம். ஒரே குறியாகவும் தட்டியிருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருள் அவற்றைச் சமன்படுத்தாவிட்டால் ‘தொல்காப்பியம்’ தேடினால் பாதி நூல்கள்தான் வரும். கால் போடவேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டிய பதிவுகளும் உண்டு. பார்வைக்குச் சரியாக இருப்பதால் மெய்ப்புப் பார்த்தவர் கண்ணிலும் பட்டிருக்காது. ‘ஔவையார்’ என்பது ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று ஏறியிருப்பது மிகவும் பரவலான பிழை. ‘ஸ்ரீ’க்கு ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமான குறிக்கோவை உண்டு. இப்படி ஐயம் வந்தால் சிக்கலான எழுத்தைத் தொடாமல் தேடுங்கள். ‘தொல்காப்பியம்’ வேண்டாம், ‘இளம்பூரண*’ என்று உரையாசிரியர் வழியாக நுழையுங்கள். ‘ஔவையார்’ வேண்டாம், ‘ஆத்திசூடி’ போதும்.

ஒருங்குறி வருவதற்கு முன் கணினிமயமான நூலகங்களில் தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். அதற்கு விதியென்று எதுவும் இருக்காது, உச்சரித்தபடி தட்டியிருப்பார்கள். தகரத்துக்கு எச் சேர்த்தும் சேர்க்காமலும், ழகரத்துக்கு இசட்-எச், எல் என்று மாற்றியும் முயலுங்கள். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால்மணி நேரம் போதும்.

கார்டுப் பெட்டியை விட்டுவிடாதீர்கள்

கணினிமயமாக்கலின்போது அதிகம் புழங்கும் நூல்களை முதலில் ஏற்றுவார்கள். தூசி படிந்த பழைய தமிழ் நூல் வரிசையின் கடைசியில் நிற்கும். அதற்குள் திட்டத்தின் பணம் தீர்ந்துபோகும். ஆகவே, நூலகத்தில் மரத்தாலான கார்டுப் பெட்டிகள் இன்னும் இருந்தால் அவற்றைத் திறந்து பாருங்கள். ஓரமாக ஒதுக்கியிருந்தால் எங்கே என்று கேளுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். அதன் நூலகம் அரை நூற்றாண்டு தாமதித்து 1907இல்தான் வந்தது. முதலில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டியிருந்து, 1936 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் கடற்கரைச் சாலையோரம் உள்ள இன்றைய கட்டடத்துக்கு மாறியது. 1924இல் அதன் முதல் நூலகராக வந்தவர் சீர்காழிக்காரரான சீ. இரா. அரங்கநாதன். அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இலண்டனில் நூலகக் கல்வி பெற்றுத் திரும்பி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்புமுறையையும், 1934இல் பகுப்பு நூற்பட்டியல் விதிகளையும் வெளியிட்டார். 1944 வரை அங்கே நூலகராக இருந்தார். வாசகர் தாமே உள்ளே போய் அடுக்கைப் பார்த்து எடுக்கும் திறந்த முறையை வற்புறுத்தியதும் அவர்தான்.

அவருடைய பட்டியல் முறை தெரிந்தால் கார்டுப் பெட்டியை இரட்டிப்பாகப் பயன்படுத்தலாம். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அகரவரிசை: ஆசிரியர், தலைப்பு, பதிப்பாசிரியர் பெயர்கள். மற்றது பகுப்பெண், அதாவது நூலின் பொருளைக் காட்டும் எண்ணின் வரிசை. அகரவரிசையில் உங்கள் நூலையோ, அதே பொருளில் தெரிந்த வேறொரு நூலையோ கண்டுபிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு எண் வரிசைப் பெட்டியில் அந்த இடத்துக்குப் போய் முன்னும் பின்னும் முப்பது நாற்பது கார்டுகளைப் புரட்டுங்கள். தலைப்பு தவறாக எழுதப்பட்ட நூலும் பொருள் எண் சரியாக இருந்தால் அங்கே மாட்டும். கணினிப் பட்டியலிலும் எண்ணால் தேடி இதே வேலையைச் செய்யலாம். ஏனோ செய்பவர்கள் குறைவு.

எண்ணைப் படிப்பது

கோலன் முறையில் இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்தான ஓ, தமிழுக்கு 31. அடுத்து காற்புள்ளி, பின் வடிவம்: கவிதை 1, நாடகம் 2, புனைகதை 3. அதன் பின் ஆசிரியர் பிறந்த ஆண்டு. 1800களுக்கு எம், 1900களுக்கு என். ஆக 1882இல் பிறந்த பாரதியின் கவிதைகள் ‘ஓ31,1எம்82’ என்ற எண்ணிலும், 1899இல் பிறந்த கல்கியின் நாவல்கள் ‘ஓ31,3எம்99’ என்ற எண்ணிலும், 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் கதைகள் ‘ஓ31,3என்06’ என்ற எண்ணிலும் நிற்கும். ஒரு காலகட்டத்து எழுத்தாளர்கள் தட்டில் வரிசையாக நிற்பது இந்த முறையின் அழகு. ஆசிரியரின் பிறந்த ஆண்டைத் தவறாகக் கொண்டால் நூல் வேறு தட்டுக்குப் போய்விடும் என்பது இதன் ஆபத்து. பிறந்த ஆண்டில் கருத்து வேறுபாடு உள்ள எழுத்தாளர் என்றால் சொல்லப்படும் எல்லா ஆண்டுகளின் இடங்களையும் பாருங்கள். ஆண்டே தெரியாத பழம்புலவர்களுக்கு இப்படி ஊகிக்க முடியாது; பட்டியல் வழியாகத்தான் போகவேண்டும். இன்னொன்று: கணினியில் ஓ எழுத்துக்குப் பதில் சுழியம் ஏறியிருக்கலாம், எண்ணால் தேடும்போது இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

பெரும்பாலான மற்ற நூலகங்களில் டியூயி தசமப் பகுப்பு. தமிழ் இலக்கியம் 894.811, கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113, கட்டுரை 894.8114. தமிழ் மொழி 494.811. தமிழ்நாட்டு வரலாறு 954.82, இலங்கை வரலாறு 954.93. புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்; முழு எண்ணாகப் படிக்கக் கூடாது. 894.8113க்கு அடுத்து 894.812 வரும், அது மலையாளம். எட்டாயிரத்துச் சொச்சம் பெரியது, மூன்றிலக்கம் சிறியது என்று எண்ணிப் போய்த் தேடி, ‘தட்டில் இல்லை’ என்று திரும்புவது அன்றாடக் காட்சி.

பழைய நூல்கள் ஒரே இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொல்காப்பியம் ஒரு பதிப்பு இலக்கணமென்று 494.8115இலும், இன்னொரு பதிப்பு இலக்கியமென்று 894.811இலும் இருக்கும். தேவாரம், திருவாசகம், திவ்வியப் பிரபந்தம் மூன்றும் இலக்கியத்திலோ இந்து சமயத்துக்குரிய 294.5இலோ. நீதி நூல்களுக்கு 170 வரிசையையும் ஒரு பார்வை பாருங்கள்.

தட்டுக்கு முன்னால்

எண் கிடைத்தது, தட்டில் நூல் இல்லை. அடுத்த ஐந்து நிமிடம் செய்யவேண்டியவை இவை. அதே தட்டின் முன்னும் பின்னும் இரண்டு தட்டுகளை முதுகு முதுகாகப் பாருங்கள். தட்டின் பின்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். மெல்லிய நூல்கள் வரிசைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறினால் எங்கே போயிருக்கும் என்று யோசித்து அங்கேயும் போய்ப் பாருங்கள். புத்தக எண்ணுக்கு மேலோ கீழோ கோடிட்டிருந்தால் அது அளவில் மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய நூல். அவற்றுக்குத் தனி அலமாரி உண்டு. நன்கொடையாக வந்த தனியார் தொகுப்புகளும் கொடுத்தவர் பெயரில் வேறு அறையில் இருக்கும்.

இதைவிட முக்கியம், சேர்த்துத் தைத்த நூல்கள். 16, 32 பக்கச் சிறு நூல்களை, குறிப்பாகக் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், நொண்டி நாடகங்கள், கும்மி, சிந்து, கண்டன நூல்கள் போன்றவற்றைத் தனியாக வைத்தால் கிழியும் என்று பத்துப் பதினைந்தைச் சேர்த்து ஒரே அட்டையில் பைண்டு செய்துவிடுவார்கள். பட்டியலில் முதல் நூலின் பெயர்தான் ஏறும். மற்றவை இருக்கும் இடமே வெளியே தெரியாது. அந்தத் துறையின் கனத்த பைண்டுகளை எடுத்து உள்ளே பல முகப்புப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதுகில் ‘பல நூற்றிரட்டு’, ‘பிரபந்தத் திரட்டு’, ‘துண்டு நூல்கள்’ போன்ற எழுத்து இருந்தால் விடவே கூடாது.

மேசையில் கேட்பது

பெரும்பாலான அரிய நூல்கள் பூட்டிய பகுதியில்தான் இருக்கும். கேட்புச் சீட்டில் அழைப்பெண்ணோடு (பகுப்பெண்ணும் புத்தக எண்ணும் சேர்ந்தது) பதிவெண்ணையும் (நூல் வந்தபோது பதிவேட்டில் தந்த எண்) எழுதுங்கள். ஒரே அழைப்பெண்ணில் பல படிகள் இருக்கலாம். பதிவெண் ஒரு படிக்கு ஒன்றுதான். சீட்டில் தலைப்பை மட்டும் எழுதினால் கிடைப்பது பெரும்பாலும் பிந்தைய மறுபதிப்பு.

‘இந்தப் புத்தகம் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஊழியரும் அதே கணினியைத்தான் பார்ப்பார். கேள்வியை மாற்றுங்கள். பதிவேட்டில் பார்க்க முடியுமா? துறை நூலகத்துக்கு மாற்றப்பட்டதா? பைண்டிங்குக்குப் போயிருக்கிறதா? நீக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் உண்டா? பதிவேடு என்பது நூலகத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு நூலும் வந்த நாளின் வரிசையில் எழுதப்படும் பேரேடு. நூல் தொலைந்திருந்தாலும், கழிக்கப்பட்டிருந்தாலும், குறிப்புப் பத்தியில் அது இருக்கும். இதைப் பார்க்க நூலகரின் அனுமதி வேண்டும். என்ன நூல், ஏறக்குறைய எந்த ஆண்டு வாங்கியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைப்பது எளிது. தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை நூலகங்களில் இருபது முப்பது ஆண்டுகளாக ‘தற்காலிகமாக’ இருக்கும் நூல்கள் பல உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வெளியார் என்றால் உங்கள் கல்லூரி அல்லது நிறுவனத்தின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டையின் நகல், இரண்டு புகைப்படம் ஆகியவற்றோடு போங்கள். கடிதத்தில் ஆய்வுத் தலைப்பும், எத்தனை நாள் வேண்டும் என்பதும் இருக்கட்டும். ‘நூலகத்தைப் பயன்படுத்த அனுமதிக்கவும்’ என்ற ஒற்றை வரியால் பொது அறை மட்டும்தான் திறக்கும். அரிய நூல் பகுதி, நுண்படச் சுருள், ஆய்வேடுகள் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். தேர்வுக் காலத்திலும், ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு நடக்கும் நாட்களிலும் போகாதீர்கள். போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

அங்கே உண்மையாகவே இல்லையென்றால்

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி பதிப்பாளர்கள் நூற்படி அனுப்பவேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. எனவே அதற்குப் பிந்தைய நூல்களுக்கு எழும்பூரில் கன்னிமாராவை முதலில் பாருங்கள். மறைமலையடிகள் நூலகத்தின் நூல்களும் அங்கேதான் இருக்கின்றன. 19, 20ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள், நாடக நோட்டீசுகள், இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த தொகுப்பு, அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் 1994இல் ஆய்வு நூலகமானது. சுவடிகளுக்கு, நெடுங்காலம் சேப்பாக்கம் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்திலேயே இருந்துவந்த அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இயங்குகிறது. அச்சுக்கு வந்த சங்க நூல்களின் முதற்பதிப்புகளுக்குப் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம். ஈழத்து நூலென்றால் நூலகம் நிறுவனத்தின் மின்தொகுப்பு. மற்றவற்றுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பி.எல். 480 திட்டத்தின் கீழ் இந்திய நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அதனால் உள்ளூரில் யாரும் பாதுகாக்காத அறுபதுகளின் மலிவுப் பதிப்புகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் அவற்றைத் தேட அவர்களுடைய எழுத்துப்பெயர்ப்பு விதி தெரியவேண்டும். அது ஒலியைப் பார்க்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். ககரம் எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. சகரம் எப்போதும் சி, எஸ் கிடையாது. பகரம் எப்போதும் பி-யில் தொடங்கும் ‘பேப்பர்’ என்ற சொல்லின் முதலெழுத்து. ‘பஸ்’ என்பதன் முதலெழுத்து அல்ல. டகரமும் தகரமும் ‘டேபிள்’ என்ற சொல்லின் முதலெழுத்தான டி, எச் சேராது. ல, ள, ழ மூன்றும் எல். ந, ண, ன மூன்றும் என். அடிக்கோடு, புள்ளி, நெடிற்கோடு ஆகியவற்றை விட்டுவிட்டுத் தட்டலாம். சிலப்பதிகாரத்துக்கு சி, ஐ, எல், ஏ, பி, பி, ஏ, டி, ஐ, கே, ஏ, ஆர், ஏ, எம். எஸ்-இல் தொடங்கினால் ஆங்கில மொழிபெயர்ப்புகள்தான் வரும்.

இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் உங்கள் நூலகத்தின் வழியாக நூலகங்களுக்கிடை இரவலுக்கு விண்ணப்பியுங்கள். நூலகங்கள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பான டெல்நெட்டில் உறுப்பினரான கல்லூரிகள் பல. அரிய நூலை அனுப்ப மாட்டார்கள். ‘இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை படியெடுத்து அனுப்புக’ என்று கேட்டால் அனுப்ப வாய்ப்புண்டு. எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்தொகுப்பான சோத்கங்காவில் அதே பொருளில் வந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பாருங்கள். துணைநூற்பட்டியலையும் நன்றியுரையையும் சேர்த்துப் படித்தால், ஆய்வாளர் எந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்தார் என்பது தெரிந்துவிடும். பழைய எழுத்துருவில் ஏற்றிய தமிழ் ஆய்வேடுகளில் உள்ளே சொல் தேட முடியாது. துறை, நெறியாளர் பெயர் வழியாகப் போகவேண்டும்.

கையில் கிடைத்ததும்

1870களுக்குப் பின் மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் உள்ள அமிலம் நாரை அரித்துவிடுவதால் தாள் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். அதற்கும் முந்தைய கந்தல்துணித் தாள் நூல்கள் பார்க்கப் பழசாக இருந்தாலும் உறுதியானவை. ஆகவே 1840ஆம் ஆண்டு நூலைவிட 1920ஆம் ஆண்டு நூலிடம் அதிகக் கவனம் வேண்டும். 180 பாகைக்கு விரித்து அழுத்தாதீர்கள். இரு பக்கமும் தடித்த நூல்களையோ மடித்த துணியையோ முட்டுக் கொடுத்து 90 முதல் 120 பாகைக்குள் திறந்து வையுங்கள். பக்கத்தை மேல் மூலையிலிருந்து புரட்டுங்கள். எச்சில் விரல் வேண்டாம். பேனா மேசைக்கு வரவே கூடாது, பென்சில்தான். கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தையே தின்னும். துண்டுகளை ஒரு தாளுறையில் போட்டு ஊழியரிடம் கொடுங்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்தால் முதுகு உடையும். ஃபிளாஷ் இல்லாமல், மேலிருந்து, சன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முதல் படம் முகப்புப் பக்கம், இரண்டாவது அதன் பின்பக்கம், மூன்றாவது பதிவெண் முத்திரை; அப்புறம்தான் உள்ளடக்கம். பக்க எண் தெரியாமல் எடுத்த படம் பிறகு எதற்கும் உதவாது.

படியெடுக்கும் முன் காப்புரிமையைக் கணக்கிடுங்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964இல் மறைந்தவரின் நூல் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் நூல்களுக்கு இந்தக் காத்திருப்பும் இல்லை. உரை அல்லது பதிப்புக் குறிப்பு எழுதியவருக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது. மூலம் சங்கப் பாடலாக இருக்கலாம், உரையாசிரியர் 1980 வரை வாழ்ந்திருக்கலாம்.

நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு துண்டுத் தாளில் சரியான தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிவெண், இப்போதைய பட்டியலில் உள்ள பிழை ஆகியவற்றை எழுதி நூலகரிடம் கொடுங்கள். சேர்த்துத் தைத்த பைண்டாக இருந்தால் உள்ளே உள்ள எல்லாத் தலைப்புகளையும் வரிசையாக எழுதுங்கள். பட்டியலில் திருத்த அது போதும்.